கயிறு நீண்ட கணக்கு

"முள்ளு அதே முள்ளுதான் மக்களே. அதைச் சுத்தி உள்ளதுதான் மாறிப்போச்சு" என்பார் மாமா. தூண்டிலைப் பற்றி யார் என்ன கேட்டாலும் பேச்சைக் கடைசியில் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். கட்டுமரத்தில் போய்த் தூண்டில் போட்ட பாட்டாவுக்கு மகன் அவர். கொச்சியில் பல வருடம் விசைப்படகை ஓட்டும் ஸ்ராங்காக இருந்தவர். அவருடைய மகன் இப்போது ஓர் ஆழ்கடல் படகில் பங்குகாரன். இவர்களுக்கு நடுவே கடலுக்குப் போகாமல் படித்து, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆனாலும் எங்கள் ஊர்களில் பிறந்தவனுக்குக் கயிறும் முள்ளும் வீட்டுச் சாமான்கள். கண்ணில் படாமல் வளர முடியாது.

எங்கள் ஊர்கள் என்றால் நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையில் தொடங்கிக் குழித்துறை ஆறு கடலில் சேரும் இடத்தில் முடியும் எட்டு ஊர்கள். ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியாளுக்குத் தெரியாது. பெரிய படகை ஒதுக்க வெகுகாலம் இங்கே துறைமுகம் கிடையாது. அப்படியிருந்தும், அரபிக்கடலில் சுறாவைத் தேடி நெடுந்தூரம் போகிறவர்கள் யார் என்று கேட்டால் கொச்சியிலும் மங்களூரிலும் தூத்தூர்க்காரர்களைத்தான் காட்டுவார்கள்.

மாமா முள் தீட்டுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. முற்றத்தில் தடுக்கைப் போட்டு உட்கார்ந்து, சின்ன அரத்தால் ஒவ்வொரு முள்ளையும் நாலைந்து இழுப்பு இழுப்பார். பிறகு முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து மெல்ல நகர்த்துவார். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் அரம் வேண்டும். நகத்தில் வெள்ளையாகக் கீறல் விழுந்து முனை அங்கேயே பிடித்து நின்றால் சரி. தீட்டி முடித்த முள்ளைக் கம்பியில் கோத்து, கம்பியின் நுனியை முறுக்கி, முறுக்கின்மேல் கையை ஓட்டிப் பார்ப்பார். பிசிறு தட்டினால் அவிழ்த்து மறுபடி முறுக்குவார். கடலில் அந்தப் பிசிறு கிழிப்பது இன்னொருவன் கையை.

முள் வந்த பெட்டியில் முஸ்டாட் என்ற பெயர் இருக்கும். நார்வே நாட்டுக் கம்பெனி. 1832இல் தொடங்கியது, 1870களிலேயே தூண்டில் முள்ளை இயந்திரத்தில் வளைத்தவர்கள். உலகத்தின் வடகோடியில் காட் மீனுக்குப் போட்ட அதே கம்பெனி முள் எங்கள் முற்றத்தில் கிடந்தது. நார்வேக்காரர்கள் முள்ளை மட்டும் அனுப்பவில்லை. 1953இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ நார்வே திட்டம் என்று ஆரம்பித்து இயந்திரப் படகையும் ஐஸையும் கொண்டுவந்தார்கள். அந்தக் கரையில் அது இறால் இழுவைமடியில் போய் முடிந்தது. எங்கள் ஆட்களும் பிற்பாடு எஞ்சின் வாங்கினார்கள். ஆனால் அடித்தரையை வாரும் மடியின் பக்கம் போகாமல், தூண்டிலையும் செவுள்வலையையும் எடுத்துக்கொண்டு இன்னும் வெளியே போனார்கள்.

பாட்டா காலத்துக் கயிறு பருத்தி நூல். புளியங்கொட்டைத் தோலை வேகவைத்த சாயத்தில் முக்கி எடுப்பார்கள். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் நாளாவட்டத்தில் இற்றுவிடும். கடலிலிருந்து வந்ததும் மணலில் விரித்துக் காயப்போட வேண்டும், மழை இருட்டினால் ஓடிப்போய்ச் சுருட்ட வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் பாட்டிக்கு. ஒரு கடவத்தில் அடங்குகிற கயிறு, அதில் இடைவெளி விட்டுத் தொங்கும் சில டஜன் முள். கரையிலிருக்கும் மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துக் கணியம் பார்த்து, கடலடியில் பார் (பாறை) இருக்கும் இடத்தில் இறக்கிவிட்டு வருவார்கள். நைலான் வந்ததும் சாயப்பானை மூலைக்குப் போயிற்று. கயிற்றுக்கு வெயில் காட்ட வேண்டியதில்லை என்றானபோது கயிறு எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாயிற்று. பாட்டிக்கு ஒரு வேலை குறைந்தது. ஆனால் கயிற்றின் நீளத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருந்ததும் அந்த வேலைதான் என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது.

இதே மாற்றம் ஜப்பானில் எங்களுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது. பருத்தியும் சணலும் போய், குராலோன் என்ற செயற்கை இழைக் கயிறு வந்தது. போருக்குப் பிறகு ஜப்பானியப் படகுகளுக்குப் போட்டிருந்த எல்லைக்கோடு நீங்கியதும், 1952இல் அவை இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தன. பின்னாலேயே தைவான், கொரியா. நூறு கிலோமீட்டர் நீளக் கயிற்றில் மூவாயிரம் முள் என்பதெல்லாம் அந்தக் கப்பல்களுக்குச் சாதாரணம். மாமா படகில் போன காலத்தில் இரவில் அவற்றின் மிதவைகளைப் பார்த்திருக்கிறார். மிதவையிலிருந்து ரேடியோ சமிக்ஞை போகும். கயிறு அறுந்து மிதந்து போனாலும் கப்பல்காரன் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். எங்கள் படகுகளில் அப்போது மூங்கில் கழியில் கட்டிய கொடிதான். ராத்திரியில் அதுவும் தெரியாது.

அந்தக் கப்பல்காரர்களின் வித்தை ஒன்றை மாமா வியந்து வியந்து சொல்வார். நெடுந்தூண்டில் என்பது மேலே மிதவைகள், மிதவைக்கு மிதவை தொய்ந்து போகும் தாய்க்கயிறு, தாய்க்கயிற்றிலிருந்து தொங்கும் கிளைக்கயிறுகள், நுனியில் முள். முதலில் இரண்டு மிதவைக்கு நடுவே ஐந்தாறு கிளை. 1970களில் அதைப் பத்து, பதினைந்து என்று கூட்டினார்கள். மிதவைகள் தள்ளிப்போகப் போக நடுக்கயிறு இன்னும் ஆழத்தில் தொய்ந்தது. வெளிச்சம் எட்டாத குளிர்ந்த தண்ணீரில் பகலைக் கழிக்கும் பெருங்கண் சூரை மாட்டியது. "முள்ளை மாத்தல, இரையை மாத்தல. மிதப்பைத் தள்ளி வச்சான், அவ்வளவுதான்" என்பார் மாமா. அவருடைய வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் மிதவையைத் தள்ளி வைத்ததற்குக் காரணம் கடலில் இல்லை. மைனஸ் அறுபது டிகிரி வரை குளிரூட்டும் அறை கப்பலில் வந்துவிட்டது. பச்சையாகத் தின்னும் சூரையின் சதை மாதக்கணக்கில் சிவப்பு மங்காமல் இருக்க அந்தக் குளிர் வேண்டும். சிவப்புக்கு விலை உண்டு என்று ஆனபோது கயிறு ஆழத்துக்குப் போயிற்று.

எங்கள் படகில் இருந்தது கட்டி ஐஸ். கொச்சியின் தோப்பும்படி துறைமுகத்தில் உடைத்து நிரப்பிக்கொண்டு போவார்கள். ஒரு மாதம், நாற்பது நாள் கழித்துத் திரும்பும்போது அடியில் கிடக்கும் முதல் வாரத்து மீனின் நிறமே வேறு. கேரைச் சூரையைப் பிடித்தவுடன் மூளையில் குத்தி, ரத்தம் வடித்து, செவுளும் குடலும் நீக்கி, உடனே குளிர வைக்காவிட்டால் உடம்புச் சூட்டிலேயே சதை வெந்ததுபோல் வெளுத்துவிடும். இதெல்லாம் பிற்பாடு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்பு, கையளவு சதையை அறுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் வியாபாரியின் முகத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள். மீன் அதேதான், தூண்டிலும் அதேதான். ஜப்பான்காரன் பிடித்தால் பச்சையாகத் தின்கிறவர்களுக்கு, எங்கள் ஆள் பிடித்தால் டப்பாவுக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும்.

கொச்சி என்றதும் எனக்கு அம்மா நினைவு வந்துவிடும். அம்மா மீன் விற்றவள். கட்டுமரம் கரை அணைந்ததும் ஏலத்தில் எடுத்து, கடவத்தைத் தலையில் ஏற்றி, கருங்கல் சந்தைக்கு நடப்பாள். வீட்டில் காசு அம்மா கையில்தான். யாருக்குக் கடன் கொடுப்பது, எந்தச் சீட்டில் சேருவது எல்லாம் அவள் முடிவு. ஆண்கள் பெரிய படகுக்கு மாறியதும் மீன் கொச்சியில் இறங்கத் தொடங்கியது. எங்கள் கரைக்கு வந்து சேர்ந்தது பணம் மட்டும். ஒரு தலைமுறைப் பெண்கள் கடவத்தை இறக்கி வைத்தார்கள். ஆளுயரச் சூரையும் சுறாவும் பிடிக்கிற ஊரில், வெளியூரிலிருந்து வண்டியில் வந்த சாளையை வாங்கிக் குழம்பு வைத்தோம். தூண்டில் நீண்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வரியை எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை.

சுறாவுக்கென்று தனிக் கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவிலிருந்து காட் மீன் எண்ணெய் வருவது நின்றபோது, மலபாரிலும் திருவிதாங்கூரிலும் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்தார்கள். எங்கள் கரை அப்போது திருவிதாங்கூர். எண்ணெய்க்கு மவுசு போன பிறகு கருவாடு, கருவாட்டுக்குப் பிறகு துடுப்பு. சுறா பல்லால் நைலானை வெட்டிவிடும் என்பதால்தான் முள்ளுக்கு மேலே கம்பி. மாமா முற்றத்தில் முறுக்கிய கம்பி அதுதான். துடுப்புக்குச் சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக விலை ஏறிய வருடங்களில் எங்கள் ஊர்களில் மாடி வீடுகள் எழும்பின.

2001 ஜூலையில் ஒருநாள் சுறா, திருக்கை இனம் எல்லாவற்றையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு. கடலில் கிடக்கும் படகுகளுக்கு எப்படித் தெரியும்? ஏற்றி வருவது குற்றம் என்று தெரியாமலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஊர் கொந்தளித்தது, மனுக்கள் டெல்லிக்குப் போயின. டிசம்பரில் திருத்தி, பத்து இனங்களுக்கு மட்டும் தடை என்று ஆக்கினார்கள். 2013இல் துடுப்பைக் கடலிலேயே அறுத்துவிட்டு உடலை வீசக்கூடாது என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு அதில் சிரமமில்லை, உடலையும் விற்றவர்கள்தான். 2015இல் துடுப்பு ஏற்றுமதியே நின்றது. அதன் பிறகு மாமா மகன் சூரையின் பக்கம் கூடுதலாகத் திரும்பினான். கம்பி குறைந்தது, ஒற்றை இழை நைலான் கூடியது. சூரைக்குக் கண் கூர்மை, கம்பியைப் பார்த்தால் விலகிவிடும். ஒரு சட்டமும் ஒரு விலையும் சேர்ந்து கயிற்றை எப்படி மாற்றும் என்பதை நான் முற்றத்தில் இருந்தபடியே பார்த்தேன்.

கயிறு இழுப்பதைப் பற்றி மாமா சொல்வதைக் கேட்க வேண்டும். சாயங்காலம் படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னாலிருந்து கயிற்றை விடுவார்கள். ஒருவன் இரை குத்துவான், ஒருவன் வீசுவான், மூன்றாவது ஆள் பக்கத்தில் கத்தியோடு நிற்பான். ஓடும் கயிற்றில் முள் எவன் கையிலோ சட்டையிலோ மாட்டினால், யோசிக்காமல் வெட்ட வேண்டும். விடியுமுன் இழுப்பு. உள்ளங்கையில் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக்கொண்டு, ஆள் மாற்றி ஆள். நனைந்த கயிறு விரலுக்குள் ஓடும்போதே அடுத்த கிளையில் என்ன இருக்கிறது என்று தெரியுமாம். சுறா இடம் வலமாக உலுக்கும். சூரை நேரே கீழே இழுக்கும். கொப்பரன் மீன் என்றால் கயிறு திடீரென்று இளகிவிடும், அது மேலே வருகிறது என்று அர்த்தம். அப்போது விலகி நிற்க வேண்டும். கயிறு இழுக்கும் எஞ்சின் வந்த பிறகு முதுகு தப்பியது. ஆனால் உருளை இழுக்கிற கயிற்றில் எது சுறா, எது சூரை என்று கைக்குத் தெரியாது. தண்ணீருக்கு மேலே தலை வந்த பிறகுதான் தெரியும்.

நார்வேயிலும் ஐஸ்லாந்திலும் இரை குத்துவதற்கே இயந்திரம் இருக்கிறது. அதை மகன் போனில் காட்டியபோது மாமா வெகுநேரம் பார்த்தார். வரிசையாக முள் ஓடுகிறது, இயந்திரம் மீனைத் துண்டுபோட்டுக் குத்தி அனுப்புகிறது, பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. "இவனுகளுக்குச் சாப்பாட்டுச் செலவு மிச்சம்" என்றார்.

அவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார். எங்கள் படகுகளில் சம்பளம் கிடையாது, பங்கு. விற்ற பணத்தில் டீசல், ஐஸ், இரை, சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் முதலில் கழித்துவிட்டு, மிச்சத்தைப் படகுக்கும் ஆளுக்குமாகப் பிரிப்பார்கள். வகுப்பில் விகிதக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பாட்டா காலத்தில் கழிக்க எதுவுமே இருக்காது. சாளை இரை, அதுவும் சொந்த வலையில் பிடித்தது. கரையில் மீன் பங்காகவே பிரிந்துவிடும். எஞ்சின் வந்தபோது டீசல் ஒரு வரி. கொச்சிக்குப் போனபோது ஐஸ் ஒரு வரி. கணவாய் ஏற்றுமதிச் சரக்கானதும் இரை ஒரு பெரிய வரி. பிறகு ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர், வயர்லெஸ். கயிறு நீள நீளக் கழிவுப் பட்டியலும் நீண்டது. தூண்டிலில் வந்த மீன் கூடியதா என்றால் கூடியதுதான். ஆனால் பங்கைப் பிரிக்க உட்காரும்போது தொகை எப்போதும் அந்தப் பட்டியலுக்குக் கீழே இருந்துதான் தொடங்கும்.

கயிற்றின் நீளத்துக்குக் காசைவிடப் பெரிய விலையும் இருக்கிறது என்பதை 2017 நவம்பர் 30 காட்டியது. ஒக்கிப் புயல். எங்கள் ஊர்களின் படகுகள் பல நூறு கிலோமீட்டர் வெளியே கிடந்தன, வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. கடலில் இறங்கிய நெடுந்தூண்டிலை இழுத்து முடிக்கப் பல மணி நேரம் ஆகும். இழுப்பதா, அறுத்துவிட்டு ஓடுவதா? அறுத்தால் லட்சக்கணக்கில் போகும், அதுவும் கழிவுப் பட்டியலில்தான் ஏறும். திரும்பி வந்தவர்களில் பலரும் அறுத்தவர்கள். திரும்பாதவர்கள் என்ன முடிவு எடுத்தார்கள் என்று கேட்க ஆளில்லை. எட்டு ஊரிலும் அந்தக் கிறிஸ்துமஸ் நடக்கவில்லை. அதற்குப் பிறகு 2019இல் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வாங்கும் ஜெமினி கருவி வந்தது. செய்தி கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. இப்போது இருபக்கமும் செய்தி போகும் டிரான்ஸ்பாண்டரைப் பொருத்துகிறார்கள். படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குத் தெரியும். டியாகோ கார்சியா தீவுப் பக்கம் எல்லை தாண்டிப் பிரிட்டன்காரர்களிடம் படகைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊர்களில் உண்டு. அந்தக் கடலை அவர்கள் 2010இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள். கருவி எச்சரிக்கும் என்பதில் பாதிப் பேருக்கு நிம்மதி, காட்டிக்கொடுக்கும் என்பதில் பாதிப் பேருக்குச் சங்கடம்.

அதே 2017இல் ராமேஸ்வரம் பக்கம் இழுவைமடியை விட்டுச் சூரைத் தூண்டில் படகுக்கு மாறச் சொல்லி அரசுத் திட்டம் வந்தது. படகு 80 லட்சம். மத்திய அரசு பாதி, மாநிலம் ஐந்தில் ஒன்று, மிச்சம் கடனும் கைக்காசும். பாக் நீரிணையில் தினம் போய்த் தினம் திரும்பியவர்களை ஆழ்கடலில் வாரக்கணக்கில் நிற்கச் சொல்கிற திட்டம். மாமா அதைக் கேட்டுவிட்டு, "படகு கொடுத்தாச்சு. பொண்டாட்டி பிள்ளையை விட்டு இருக்க எவன் கொடுப்பான்?" என்று கேட்டார். முன்பு இதே மத்திய அரசுதான் 1981 முதல் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களை வாடகைக்கு அழைத்தது, 1991இல் கூட்டு முயற்சி என்று கதவை அகலத் திறந்தது. மீனவர்கள் நாடு முழுக்கப் போராடிய பிறகு 1996இல் முராரி குழு அந்த உரிமங்களை ரத்து செய்யச் சொன்னது. ஆழ்கடல் யாருக்கு என்ற கேள்விக்கு எங்கள் ஆட்கள் முப்பத்தாறு அடிப் படகில் முன்னாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இனி மாமாவின் முள்ளுக்கு வருகிறேன். முள் மாறவில்லை என்ற அவருடைய சொல்லை நான் ஒரே இடத்தில்தான் மறுப்பேன். தெற்குப் பெருங்கடலில் ஜப்பானியத் தூண்டில் கப்பல்களின் இரையைக் கொத்தப் போய் முள்ளில் மாட்டி மூழ்கும் அல்பட்ராஸ் பறவைகள் வருடத்துக்கு 44,000 இருக்கும் என்று 1991இல் நைஜல் பிரதர்ஸ் என்பவர் மதிப்பிட்டார். அதன் விளைவாகக் கயிறு விடும்போது பின்னால் நாடாக்கள் படபடக்கும் பறவை விரட்டும் கயிறு, ராத்திரியில் மட்டும் விடுதல், கிளைக்கயிற்றில் எடை என்று வந்தன. அப்போதும் முள் மாறவில்லை. மாறியது ஆமைக்காக. ஹவாயில் கடலாமைகள் மாட்டியதால் வாள்மீன் தூண்டிலை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2004இல் திறந்தபோது பெரிய வட்ட முள்ளும் கணவாய்க்குப் பதில் மீன் இரையும் கட்டாயம் என்றார்கள். முனை உள்நோக்கி வளைந்திருப்பதால் வட்ட முள் தொண்டையில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும், கழற்றிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், அலாஸ்காவில் ஹாலிபட் பிடிப்பவர்கள் 1980களிலேயே இதே வட்ட முள்ளுக்கு மாறினார்கள், அது மீனைக் கூடுதலாகப் பிடிக்கிறது என்பதற்காக. பசிபிக் தீவுக்காரர்கள் எலும்பிலும் சிப்பியிலும் இந்த வடிவத்தை எத்தனையோ காலத்துக்கு முன்பே செய்திருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். "அப்போ அதுவும் பழைய முள்ளுதான்" என்று முடித்துவிட்டார்.

போன வருடம் மாமா மகன் வந்தபோது கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்தான். "அத்தான், கூட்டல் சரியான்னு ஒருக்க பாருங்க." படகில் பாதிப் பேர் இப்போது ஒடிசா, அசாம் பக்கத்துப் பிள்ளைகள், நம் பையன்கள் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் நோட்டைக் காட்டித்தான் பங்கு கொடுக்க வேண்டும். டீசல், ஐஸ், இரை, சாப்பாடு என்று வாசித்துக்கொண்டே போனேன். வட்ட முள் வாங்கிய செலவு தனி வரியாக இருந்தது.

"கோயிலுக்கு ஒரு பங்கு எடுப்போம். இப்ப ஆமைக்கும் பங்கா?" என்றார் மாமா.

"வாங்குறவன் கேக்கான் அப்பா. எந்த முள்ளுல பிடிச்சன்னு எழுதிக் கொடுக்கணும்."

"கேக்கவன் கிலோவுக்கு எவ்வளவு கூட்டிக் கொடுத்தான்?"

மகன் பதில் சொல்லவில்லை. ஆமை தப்ப வேண்டும் என்பதில் அந்த முற்றத்தில் யாருக்கும் மறுப்பில்லை. மாமாவே சிக்கிய ஆமையைக் கயிற்றை அறுத்து விடுவித்துவிட்டு மாதாவைக் கும்பிட்டவர். நோட்டில் கூட்டல் சரியாக இருந்தது. அந்த முள்ளின் செலவைப் பங்குக்கு முன்னால் கழித்தால் அசாம் பையனும் சேர்ந்து கட்டுகிறான், விலையில் சேர்த்தால் வாங்குகிறவன் கட்டுகிறான். கணக்கு வாத்தியாருக்கு அது ஒரு வரியை மேலிருந்து கீழே நகர்த்தும் வேலை. சந்தையில் அதை நகர்த்த இத்தனை தலைமுறையில் எங்களால் முடியவில்லை.